பழைய ஒற்றைக் குழல் துப்பாக்கி: பழுது பார்ப்பதா, மாற்றுவதா, ஒப்படைப்பதா?

சேர்வராயன் மலையில் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று காபியும் மிளகும் வைத்திருக்கும் குடும்பங்கள் சிலவற்றில், அப்பா காலத்திலோ தாத்தா காலத்திலோ உரிமம் பெற்று வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று இன்னும் இருக்கிறது. உரிமப் புத்தகத்தில் அதை எஸ்.பி.பி.எல். என்று எழுதியிருப்பார்கள். நடுவில் மடித்துத் தோட்டா போடுகிற பன்னிரண்டு போர் (போர் என்பது குழல் துளையின் அளவு) துப்பாக்கி அது. வாங்கிய நாளிலேயே விலை குறைந்த வகை. நாகலூர்ப் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கும் என் அண்ணனிடம் இருப்பதும் அதுதான். பீகாரின் முங்கேரில் செய்யப்பட்டு, அப்பாவின் பெயரில் பல ஆண்டுகள் இருந்து, அவர் காலமான பிறகு வாரிசு முறையில் விண்ணப்பித்து அண்ணன் பெயருக்கு உரிமம் மாறியது.

2024 நாடாளுமன்றத் தேர்தலுக்காக மார்ச் மாதம் ஒப்படைத்த துப்பாக்கி, வாக்கு எண்ணிக்கை முடிந்து ஜூன் மாதம் திரும்பி வந்தபோது குழலின் மேல் செந்துரு படர்ந்திருந்தது. தோளில் வைக்கும் மரக்கட்டையின் கழுத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. அந்த ஆண்டு மார்கழியில் இன்னொரு குறையும் சேர்ந்துகொண்டது: விசையை இழுத்தால் குதிரை (சுத்தியல் போல அடிக்கும் பாகம்) விழுகிறது, தோட்டா வெடிக்கவில்லை. இதற்குச் செலவு செய்வது தகுமா, இல்லை கொடுத்துவிட்டு வேறு வாங்குவது நல்லதா, அல்லது இனித் துப்பாக்கியே வேண்டாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. சில மாதங்கள் இதைப் பற்றி விசாரித்தும் பார்த்தும் நான் தெரிந்துகொண்டதை, இதே நிலையில் இருக்கும் மற்றத் தோட்டக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

துப்பாக்கி எதற்கு என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளாமல் மற்றக் கணக்குகளில் இறங்கக் கூடாது. வேட்டைக்கு அல்ல. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையே அடைத்துவிட்ட 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் அந்தப் பேச்சை முடித்துவிட்டன. மலையில் நம் வேலிக்குள் இறங்கும் காட்டுமாடு அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு. அதன் மேல் ஒரு ரவை படுவதும் குற்றம். பலாப்பழத்துக்கும் வாழைக்கும் மரவள்ளிக்கும் வருகிற காட்டுப்பன்றியைக் கூட, வனத்துறை முறைப்படி எடுக்கும் நடவடிக்கை தவிர, தோட்டக்காரர் தம் விருப்பத்துக்குச் சுட முடியாது. ஆகவே இந்தத் துப்பாக்கி இரவில் ஒரு சத்தம் எழுப்பி விலங்கை விரட்டுவதற்கும், ஒதுக்குப்புறமான வீட்டில் குடும்பத்துக்கு ஒரு துணையாக இருப்பதற்கும் மட்டுமே. குறி தப்பாமல் சுடுகிறதா என்பது நமக்குப் பெரிய கேள்வி இல்லை. சுடுகிறவரின் கையையும் முகத்தையும் அது பத்திரமாக வைத்திருக்குமா, வேண்டிய நேரத்தில் வெடிக்குமா, வேண்டாத நேரத்தில் வெடிக்காமல் இருக்குமா என்பவைதான் கேள்விகள்.

இதைத் தீர்த்துக்கொண்ட பிறகும், பழுதுக் கூலியையும் புதுத் துப்பாக்கியின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவு செய்வது தவறு என்றே நினைக்கிறேன். மோட்டார் பம்புக்கும் காபிப் பழம் உரிக்கும் எந்திரத்துக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். துப்பாக்கியைப் பொறுத்தவரை உரிமம் என்பது அந்தக் குறிப்பிட்ட துப்பாக்கியின் எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. பழையதைக் கழிக்க வேண்டுமானால் உரிமம் பெற்ற வணிகரிடமோ உரிமம் வைத்திருக்கும் இன்னொருவரிடமோ முறைப்படி மாற்ற வேண்டும். புதியதை வாங்கி அதன் எண்ணை உரிமத்தில் ஏற்ற வேண்டும். இவை எல்லாம் ஆட்சியர் அலுவலகத்தின் வழியாகவும் காவல் துறை விசாரணையின் வழியாகவும் போய் வர வேண்டும். மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுகிறவருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி. விலை மலிந்த துப்பாக்கியின் உண்மையான மதிப்பில் பெரும்பகுதி அதன் இரும்பில் இல்லை, அந்தப் பதிவில் இருக்கிறது. சந்தையில் மிகக் குறைவாக விலைபோகிற பொருளாக இருந்தாலும், குழல் நன்றாக இருந்தால் பழுது பார்ப்பதன் பக்கம் தராசு சாய்வதற்குக் காரணம் இதுதான்.

பழுது பார்ப்பதற்கும் சட்ட எல்லை உண்டு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலைச் செய்பவருக்குத் தனி உரிமம் வேண்டும். லேத்துப் பட்டறையில் தெரிந்தவர் இருக்கிறார், கொல்லுப் பட்டறையில் ஒரு பயர் பின் (குதிரையின் அடியைத் தோட்டாவுக்குக் கடத்தும் ஊசி) அடித்துத் தருவார் என்பவை மலையில் அடிக்கடி கேட்கிற யோசனைகள். அவை குற்றம் என்பதோடு, எந்த இரும்பு எவ்வளவு கடினப்பட வேண்டும் என்பது தெரியாதவர் அடித்த பின், தோட்டாவின் கேப்பை (அடிபட்டதும் பொறி தரும் பின்முனைப் பகுதி) துளைத்து நெருப்பைப் பின்பக்கமாக முகத்துக்கு அனுப்பக்கூடும். இன்னொரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை: உரிமதாரர் உடன் இருந்தாலோ எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தாலோ, பழுது பார்க்கவும் உரிமம் புதுப்பிக்கவும் வேறொருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்று அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. வயதான உரிமதாரர்களுக்கு இது பெரிய வசதி. நாங்கள் அண்ணனையும் உடன் அழைத்துக்கொண்டே சேலத்தில் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் போனோம்.

அந்தப் பெரியவர் விசையையும் குதிரையையும் தொடவே இல்லை. தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, குழலைக் கழற்றி, எண்ணெய்த் துணியால் உள்ளே இரண்டு முறை துடைத்து, வாசல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து என் கையில் கொடுத்தார். "குழல் நல்லா இருந்தா மத்ததெல்லாம் பாத்துக்கலாமுங்க. குழல் போச்சுன்னா மத்தது எதுவும் பாக்க வேண்டியதில்லைங்க" என்றார். உள்ளே பார்த்தால் வெளிச்சம் வட்ட வட்டமாக, கிணற்று உறைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியது போல நீண்டுபோகிறது. எங்காவது ஒடுங்கல் இருந்தால் அந்த வட்டம் ஒரு பக்கம் நசுங்கித் தெரியும். குழல் எங்காவது வீங்கியிருந்தால் குறுக்கே கருநிழல் வளையம் ஒன்று விழும். துரு அரித்த இடங்கள் காபித்தூள் தூவியது போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். எங்கள் குழலில் வாய்ப்பக்கம் இருந்து நான்கு விரற்கடை தூரம் வரை அந்தத் தூள் தெரிந்தது. தோட்டா அமரும் பின்பக்கம் கண்ணாடி போல இருந்தது. வெடியின் அழுத்தம் உச்சத்தில் இருப்பது பின்பக்கத்தில்தான். வாயை நெருங்க நெருங்க அது வெகுவாகத் தணிந்துவிடும். ஆகவே வாய்ப்பக்கத்து மேலோட்டமான அரிப்பைச் சகிக்கலாம், தோட்டா அறையிலும் அதற்கு அடுத்த ஒரு சாண் தூரத்திலும் உள்ள ஆழமான அரிப்பைச் சகிக்கக் கூடாது.

அடுத்துப் பார்த்தது பூட்டு. முன்கட்டையைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை மூடி, கட்டையை ஒரு கையாலும் குழலை ஒரு கையாலும் பிடித்து அசைத்தால் 'டக் டக்' என்று ஆடக் கூடாது. ஆடினால், குழலுக்கும் பின்தகட்டுக்கும் இடையில் இடைவெளி விழுந்திருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு வெடியும் அந்த இடைவெளியைச் சிறிது பெரிதாக்கும். வெடித்த பழைய தோட்டாக் கூடுகள் வீட்டில் இருந்தால் கையோடு கொண்டுபோவது நல்லது. கேப்பின் நடுவில் ஆழமாகக் குழி விழுந்திருந்தால் எல்லாம் நேராக இருக்கிறது. குழி ஓரமாக ஒதுங்கியிருந்தால் குழல் சரியாக உட்காரவில்லை. குழி மேலோட்டமாக இருந்தால் அடி போதவில்லை.

எங்கள் கூடுகளில் குழி நடுவில்தான் இருந்தது. வெடிக்காமல் போன தோட்டாவில் மட்டும் குழி மேலோட்டமாக இருந்தது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, பயர் பின் தேய்ந்துவிட்டது என்றெல்லாம் மலையில் சொல்லியிருந்தார்கள். பெரியவர் மருந்தும் ரவையும் இல்லாத, கேப் மட்டும் பொருத்திய வெற்றுக் கூடு ஒன்றைப் போட்டு விசையை இழுத்தார். கேப் கணீரென்று வெடித்தது. மூன்று முறையும் வெடித்தது. மலையில் வெடிக்காதது சேலத்தில் எப்படி வெடிக்கிறது என்று அண்ணன் திகைத்துப்போனார். பெரியவர் பயர் பின்னைக் கழற்றி, அது ஓடும் துளைக்குள் ஒரு குச்சியை விட்டு இழுத்துக் காட்டினார். மஞ்சளும் கறுப்பும் கலந்த பசை, பழைய தேங்காய் எண்ணெய் வாடையுடன் வந்தது.

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி வெப்பத்துக்குக் கீழே உறைந்துவிடும். எங்கள் மலை மேல் உள்ள ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி விடியலில் அங்கே தலைக்கு வைக்கிற எண்ணெயையே அடுப்போரம் வைத்து உருக்கித்தான் எடுக்க வேண்டும். துப்பாக்கியின் உள்ளுறுப்புகளுக்கு வீட்டு எண்ணெயை விட்டுவந்த பழக்கத்தால், பின்னைச் சுற்றி உறைந்த எண்ணெய் அதன் ஓட்டத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. கீழே சேலத்தின் வெக்கையில் அதே எண்ணெய் இளகிப் பின் தாராளமாக ஓடுகிறது. பழுது என்று நாங்கள் நினைத்ததில் பாதி பழுதே இல்லை. மலையில் இதே குறையோடு 'ஸ்பிரிங் போய்விட்டது' என்று மூலையில் சாத்தப்பட்ட துப்பாக்கிகள் இன்னும் இருக்கலாம் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, தையல் எந்திரத்துக்கு விடுவது போன்ற மெல்லிய கனிம எண்ணெயை ஒரு சொட்டு விட்டால் போதுமானது. உள்ளே பிரித்துக் கழுவுவதை மட்டும் உரியவரிடம் விட்டுவிட வேண்டும்.

எஞ்சியவை கட்டையின் விரிசலும் வெளித்துருவும். விரிசல் கழுத்தில் இருப்பதால் ஒவ்வொரு உதைக்கும் வளரக்கூடியது. பிசின் செலுத்தி உள்ளே ஒரு ஆணி மறைத்துப் பிடித்தால் இன்னும் பல ஆண்டு நிற்கும் என்றார் பெரியவர். காபிக்கு நிழல் தருகிற சில்வர் ஓக் மரம் தோட்டத்திலேயே இருக்கிறதே, அதில் புதுக் கட்டை செதுக்கலாமா என்று அண்ணன் கேட்டார். அந்த மரம் லேசானது, வாக்கில் பிளந்துகொள்வது. கழுத்து போன்ற மெலிந்த இடத்தில் உதை தாங்காது. எல்லாம் சேர்த்து அவர் சொன்ன தொகை, அதே வகைப் புதுத் துப்பாக்கிக்குச் சேலத்தில் எங்களிடம் சொல்லப்பட்ட விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஆனால் எல்லாத் துப்பாக்கிக்கும் இதே விடை இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் இருந்ததும் ஏறக்குறைய இதே வகை, வெளியே பார்க்க எங்களுடையதை விட அழகானது. துரு இல்லை, கட்டையில் கீறல் இல்லை. அவருடைய குழலுக்குள் வெளிச்சம் பார்த்தபோது நடுவில் கருநிழல் வளையம் தெளிவாக விழுந்தது. மலையில் மண்குளவி எந்தத் துளையையும் விடுவதில்லை. சாவித் துளையில், குழாய் முனையில், சுவரில் சாத்திய துப்பாக்கிக் குழலில் எல்லாம் மண்ணைக் குழைத்துக் கூடு கட்டிவிடும். குழலுக்குள் பாராமல் எப்போதோ ஒரு முறை சுட்டிருக்கிறார்கள். அந்த அடைப்பு இருந்த இடத்தில் குழல் உப்பியிருக்கிறது. அன்றைக்கு அது வெடித்துச் சிதறாமல் இருந்தது அந்தக் குடும்பத்தின் நல்ல காலம். உப்பிய குழலைத் தட்டிச் சரிசெய்ய முடியும் என்று யாராவது சொன்னால் கேட்கக் கூடாது. புதுக் குழல் பொருத்துவதும், அது அழுத்தச் சோதனை முடித்து முத்திரை பெற வேண்டியதும், உரிமத்தில் எண் மாறுவதும் சேர்ந்தால் புதியது வாங்குவதை விட அலைச்சல் அதிகம். அந்தத் துப்பாக்கிக்கு ஒரு ரூபாய் செலவு செய்வதும் வீண்.

பழைய துப்பாக்கிகளில் கவனிக்க வேண்டிய இன்னொன்று தோட்டா அறையின் நீளம். பன்னிரண்டு போரில் பழைய அளவு இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இப்போது பரவலாக இருப்பது இரண்டே முக்கால் அங்குலம், 70 மில்லிமீட்டர். தோட்டாவில் எழுதியிருக்கும் நீளம் வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். வாய் மடித்த புதுத் தோட்டா அதை விடக் குட்டையாக இருப்பதால், 70 தோட்டா 65 அறைக்குள் எந்தத் தடையும் இல்லாமல் உட்கார்ந்துவிடும். வெடிக்கும்போது மட்டும் வாய் விரிய இடம் இல்லாமல் குழலை நெருக்கி அழுத்தத்தைக் கூட்டிவிடும். உள்ளே போகிறது, ஆகவே சரியான தோட்டா என்று எண்ணிவிடக் கூடாது. குழலின் அடியில் உள்ள முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, தெளிவில்லை என்றால் அளக்கச் சொல்ல வேண்டும்.

இனிப் புதியது வாங்கும் வழி. ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கி வரை வைத்திருக்கலாம், உரிமம் ஐந்தாண்டுக்குச் செல்லும். பழையதைக் கழிக்காமலே இன்னொன்றுக்கு விண்ணப்பிக்க இடம் உண்டு. ஆனால் அதே விலை மட்டத்தில் வாங்கும் புதிய ஒற்றைக் குழல், நல்ல நிலையில் உள்ள பழையதை விட எந்த விதத்திலும் நமக்குக் கூடுதல் பயன் தராது. பன்னிரண்டு போரின் சத்தம் புதிதிலும் அதே சத்தம்தான். குழல் கெட்டுவிட்ட, ஆனால் துப்பாக்கி உண்மையாகவே தேவைப்படுகிற வீட்டுக்கு மட்டுமே இந்த வழி.

சிலர் அதற்குப் பதில் ரைபிளாக வாங்கலாமே என்கிறார்கள். நம் நாட்டில் பொதுமக்களுக்குக் கிடைக்கிற எளிய ரைபிள் .315 போர், கொல்கத்தாவை அடுத்த இசாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்வது. ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று ஆங்கிலேயர் காலத்தில் வைத்த கட்டுப்பாட்டினால் நிலைத்த அளவு அது. உழைப்பான துப்பாக்கிதான், ஆனால் இந்த மலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ரவைத் துப்பாக்கியின் ரவைகள் சில நூறு மீட்டரில் வேகம் இழந்து விழுந்துவிடும். ரைபிள் குண்டு இரண்டு கிலோமீட்டரைத் தாண்டியும் ஆளைக் கொல்லும். ஒரு சரிவில் தோட்டம், அடுத்த சரிவில் ஊர், நடுவில் பாதை என்று அமைந்த சேர்வராயனில், பனி மூடிய இரவில் அதற்கு வேலை இல்லை. ஏற்கெனவே பழைய .315 வைத்திருப்பவர் பழுது பார்க்க நினைத்தால், குண்டைச் சுழற்றும் குழலின் உள்வரிகளும், பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டை மூடிய பிறகு தோட்டாவுக்கு விடுகிற இடைவெளியும் சரியான அளவுகோல் கொண்டு சோதிக்கப்பட வேண்டும். அந்த இரண்டில் ஒன்று தவறினாலும் செலவு செய்யாமல் வணிகரிடம் சேர்ப்பதே நல்லது. ஏர்கன் பற்றியும் கேட்கிறார்கள்; 4.5 மில்லிமீட்டர் அளவில், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருப்பதற்கு உரிமம் வேண்டாம் என்பது உண்மை. அது பன்றிக்கு உறைக்காது, கிளியைச் சுட்டால் வழக்கு வரும்.

துப்பாக்கியே வேண்டாம் என்ற முடிவும் தாழ்ந்தது அல்ல. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு நான் சொன்னது அதைத்தான். அவருடைய பிள்ளைகள் சேலத்தில் வேலையில் இருக்கிறார்கள், அவருக்கு எழுபது கடந்துவிட்டது, இரவில் எழுந்து போய்ச் சுடுகிற ஆள் அந்த வீட்டில் இல்லை. சூரிய மின்வேலி அவருடைய வாழையையும் மரவள்ளியையும் துப்பாக்கியை விட நன்றாகக் காக்கும். வேளாண் பொறியியல் துறையின் மானியமும் அதற்கு உண்டு. தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு மின்வேலி விதிகள் வந்த பிறகு, பதிவும் அனுமதியும் இல்லாமல் வேலி போடக் கூடாது என்பதையும், கம்பத்து மின்சாரத்தை நேராக வேலிக்குக் கொடுப்பது விலங்கையும் மனிதரையும் சேர்த்துக் கொல்லும் குற்றம் என்பதையும் மறக்கக் கூடாது. வேலியடியில் வாரம் ஒரு முறை களை வெட்டாவிட்டால் புல் பட்டு மின்துடிப்பு வீணாகும். அந்த வேலைக்கு ஆள் வைப்பது, இரவுக் காவலுக்கு ஆள் வைப்பதை விட எளிது. அவர் துப்பாக்கியை உரிமம் பெற்ற வணிகரிடம் சேர்த்து ரசீது வாங்கி, உரிமத்தை ரத்து செய்ய மனுக் கொடுத்துவிட்டார்.

எங்கள் துப்பாக்கி மூன்று வாரத்தில் பழுது முடிந்து மலையேறியது. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைப்பதால் அதை அண்ணன் எடுத்துப் போட்டுவிட்டார். குழலின் உள்ளும் புறமும் எண்ணெய்த் துணியால் துடைத்து, பூட்டிய மர அலமாரியில், அடுப்படியை ஒட்டிய உலர்ந்த சுவர்ப்பக்கம் வைத்திருக்கிறார். எடுக்கும்போதெல்லாம் மடித்து, வெளிச்சத்துக்கு நேராக ஒரு முறை உள்ளே பார்த்த பிறகே தோட்டாவைத் தொடுகிறார். அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும்போது, ஒப்படைப்பதற்கு முந்தின நாளே கெட்டியான எண்ணெய் பூசி, துப்பாக்கியின் எண்ணோடு 'துரு இல்லை, கட்டையில் பழைய விரிசல் பிசினால் அடைக்கப்பட்டது' என்ற குறிப்பையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம்.